ஆபீஸ் இடம் மாற்றும்போது நெட்வொர்க்: நான் பட்ட பாடு நீங்கள் படாமலிருக்க

எங்கள் ஆபீஸ் இடம் மாறியபோது மேசை, நாற்காலி, பீரோ எல்லாம் ஒரே சனிக்கிழமையில் போய்ச் சேர்ந்துவிட்டன. இணையம் வந்து சேர இன்னும் ஒன்பது நாள் ஆனது. அந்த ஒன்பது நாளும் 14 பேர் இரண்டு மொபைல் ஹாட்ஸ்பாட்டைப் பங்கு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். நான் நெட்வொர்க் படித்தவன் இல்லை, கணக்குப் பிரிவில் இருக்கிறவன். "உனக்குத்தான் கம்ப்யூட்டர் கொஞ்சம் தெரியுமே" என்று ஒரே வரியில் வேலை என் தலையில் விழுந்தது, அவ்வளவுதான். இன்னொரு முறை செய்யச் சொன்னால் எந்த வரிசையில் செய்வேனோ அந்த வரிசையில் கீழே எழுதியிருக்கிறேன். 5 முதல் 25 பேர் வரை இருக்கிற, தனியாக ஐடி ஆள் இல்லாத ஆபீஸுக்குப் பொருந்தும்.

முதலிலேயே ஒன்று. மாறுகிற சாக்கில் புது ரவுட்டர், புது வைஃபை பெயர், புது ஐபி வரிசை (நெட்வொர்க்கில் ஒவ்வொரு கருவிக்கும் இருக்கும் முகவரி எண்கள்) என்று எல்லாவற்றையும் புதுசாக்கிவிடலாம் என்று யாராவது கிளம்புவார்கள். விடாதீர்கள். இடம் மட்டும் மாறட்டும், மற்றதெல்லாம் பழையபடியே இருக்கட்டும். வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் ஓர் எழுத்துகூட மாறாமல் இருந்தால் எல்லா லேப்டாப்பும் போனும் தானாகவே ஒட்டிக்கொள்ளும். பழைய ஆபீஸில் பிரிண்டருக்கு 192.168.1.50 என்றிருந்தால் புது ஆபீஸிலும் அதே 192.168.1.50. அப்படிச் செய்தால் ஒவ்வொருவர் கம்ப்யூட்டர் முன்னாலும் போய் உட்கார வேண்டியதில்லை. புதுசாக்கியே தீர வேண்டுமென்றால் ஒரு மாதம் கழித்துச் செய்யுங்கள், அப்போது எது எதனால் கெட்டது என்றாவது தெரியும்.

1. இணைய இணைப்பு: எட்டு வாரம் முன்னால்

மற்ற வேலையெல்லாம் உங்கள் கையில் இருக்கிறது, ஆள் வைத்தால் சில நாளில் முடிந்துவிடும். இது ஒன்றுதான் அடுத்தவர் கையில். கட்டடம் வரை ஃபைபர் வருகிறது என்பதை நம்பி வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். உங்கள் மாடிக்கு, உங்கள் அறைக்குள் வருமா என்று ஆளை வரச்சொல்லிப் பார்க்கவையுங்கள்.

எங்களுக்கு நடந்தது இதுதான். சேவை நிறுவனத்தின் தளத்தில் முகவரியைப் போட்டால் "சேவை உண்டு" என்று பச்சையாகக் காட்டியது. ஆள் வந்து பார்த்தபோது, கீழிருந்து மேலே வரும் குழாயில் ஏற்கெனவே கேபிள்கள் அடைத்துக்கொண்டு நின்றன, புதுசாக ஒன்று நுழைய இடமில்லை. இன்னொரு குழாய் போட கட்டட நிர்வாகத்தின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும், அதில் கையெழுத்துப் போட வேண்டியவர் விடுமுறையில் இருந்தார். ஒன்பது நாள் எங்கே போனது என்று இப்போது புரிந்திருக்கும்.

கையில் தயாராக இருக்க வேண்டிய காகிதங்கள்: வாடகை ஒப்பந்தத்தின் நகல், நிறுவனப் பதிவுச் சான்று, கையெழுத்துப் போடுபவரின் அடையாள அட்டை, அவருக்கு அந்த அதிகாரம் இருக்கிறது என்று நிறுவனத் தாளில் ஒரு கடிதம், கட்டட உரிமையாளரிடமிருந்து கேபிள் இழுக்கவும் சுவரில் துளை போடவும் ஆட்சேபம் இல்லை என்று ஒரு கடிதம். கடைசியாகச் சொன்னதை யாரும் முன்கூட்டிக் கேட்கமாட்டார்கள், வேலைக்கு வந்த ஆள் துளைபோடும் கருவியோடு வாசலில் நிற்கும்போதுதான் காவலாளி கேட்பார். வாடகை பேசும்போதே வாங்கிவிடுங்கள், அந்த நேரத்தில் உரிமையாளர் நல்ல மனநிலையில் இருப்பார்.

பழைய இணைப்பை "இடமாற்றம்" செய்யச் சொல்வதா, புதுசாக ஒன்று வாங்குவதா? புதுசாக வாங்குங்கள் என்பது என் கட்சி. இடமாற்றத்தில் பழைய இடத்தில் துண்டிப்பது மட்டும் சொன்ன தேதிக்கு நடந்துவிடும், புது இடத்தில் கொடுப்பது தள்ளிப் போகும். இரண்டு இணைப்புக்கும் ஒரு மாதம் கட்டுவது வீண் செலவு மாதிரித் தெரியும், ஆனால் ஆபீஸ் ஒரு நாள் சும்மா உட்கார்ந்தால் ஆகிற நஷ்டத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பழைய ஒப்பந்தத்தில் குறைந்தபட்சக் காலம் முடிந்துவிட்டதா, முன்கூட்டியே விலகினால் அபராதம் உண்டா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

விண்ணப்பிக்கும்போதே கேட்டு எழுதி வாங்க வேண்டியவை சில உண்டு. நிலையான ஐபி (மாறாமல் இருக்கும் இணைய முகவரி எண்) கிடைக்குமா, அதற்குத் தனிக் கட்டணமா? இணைப்புக்குப் பயனர் பெயர், பாஸ்வேர்டு உண்டா? சுவரில் மாட்டும் ஃபைபர் பெட்டி யாருக்குச் சொந்தம்? அப்புறம், அந்தப் பெட்டி எங்கே வர வேண்டும் என்று சுவரில் பென்சிலால் குறித்துவையுங்கள். இல்லையென்றால் வந்த ஆள் தனக்கு வசதியாகக் கதவுக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டுப் போய்விடுவார், உங்கள் ரேக் (நெட்வொர்க் பெட்டிகளை அடுக்கி வைக்கும் இரும்புப் பெட்டி) அடுத்த மூலையில் இருக்கும்.

2. இருப்பதைப் பட்டியல் போடுங்கள்: ஆறு வாரம் முன்னால்

கம்ப்யூட்டரும் பிரிண்டரும் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். விட்டுப்போவது வேறு. வாசலில் விரல்ரேகை வைக்கும் வருகைப் பதிவுக் கருவி, கேமரா ரெக்கார்டர், கார்டு தேய்க்கும் மெஷின், மேசை போனுக்கான சின்ன அடாப்டர், கதவுப் பூட்டு எல்லாமே நெட்வொர்க்கில்தான் தொங்கிக்கொண்டிருக்கும். ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்தில் இணைந்திருக்கும் கருவிகளின் பட்டியல் வரும், அதை எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றும் எது என்று தேடிப்போங்கள். எங்கள் பட்டியலில் ஒன்று மூன்று நாள் வரைக்கும் என்னவென்றே தெரியவில்லை. கடைசியில் பார்த்தால் ஸ்டோர் ரூமில் யாரோ எப்போதோ மறந்துவிட்டுப் போன பழைய பிரிண்டர்.

அதே பக்கத்தில் அமைப்புகளை ஒரு கோப்பாகச் சேமிக்கும் வசதி பெரும்பாலான ரவுட்டர்களில் உண்டு. சேமித்து, ஆபீஸ் கம்ப்யூட்டரில் இல்லாமல் ஒரு பென் டிரைவில் வையுங்கள். ரேக்கின் பின்பக்கம், ஸ்விட்ச்சின் (எல்லா நெட்வொர்க் கேபிளும் வந்து சேரும் பெட்டி) முன்பக்கம், எந்த போர்ட்டில் (கேபிள் செருகும் துளை) எந்த கேபிள் என்பதெல்லாம் தெரிகிற மாதிரிப் படம் எடுங்கள். பாஸ்வேர்டு எல்லாம் யாரிடம் இருக்கிறது என்று இப்போதே கேளுங்கள். எங்கள் டொமைன் (இணையத்தில் நிறுவனத்தின் பெயர்) கணக்கு, வேலையை விட்டுப்போன ஒருவரின் சொந்த மெயிலில் பதிவாகியிருந்தது. அதை மீட்கவே இரண்டு வாரம்.

நிலையான ஐபி வைத்திருக்கிறவர்கள் இந்தப் பத்தியைக் கவனமாகப் படியுங்கள். இடம் மாறினால் அந்த எண் பெரும்பாலும் மாறிவிடும். அந்த எண்ணை யார் யாரிடம் கொடுத்து வைத்திருக்கிறீர்கள்? விபிஎன் (வெளியிலிருந்து ஆபீஸ் நெட்வொர்க்குக்குள் வரும் பாதுகாப்பான வழி), உங்களை மட்டும் உள்ளே விடும்படி வைத்திருக்கும் வாடிக்கையாளரின் சர்வர், வங்கித் தளம், ஆபீஸிலிருந்தே மெயில் அனுப்புகிறீர்கள் என்றால் எஸ்பிஎஃப் பதிவு (உங்கள் டொமைன் பெயரில் எங்கிருந்து மெயில் அனுப்பலாம் என்று சொல்லும் குறிப்பு). எல்லோருக்கும் புது எண்ணை ஒரு வாரம் முன்னால் எழுதிச் சொல்லி, பழையதையும் புதியதையும் சில நாள் சேர்த்தே அனுமதிக்கச் சொல்லுங்கள். ஆபீஸுக்குள்ளேயே சர்வர் வைத்து டொமைன் பெயரில் வெளியே காட்டுகிறீர்கள் என்றால், டிஎன்எஸ் பதிவில் (அந்தப் பெயருக்கு எந்த ஐபி என்று சொல்லும் பதிவு) டிடிஎல் என்று, பழைய பதிலை எவ்வளவு நேரம் நினைவில் வைத்துக்கொள்ளலாம் என்பதற்கு நொடிக் கணக்கில் ஓர் எண் இருக்கும். அது 86400 என்றிருந்தால், நீங்கள் எண்ணை மாற்றிய பிறகும் ஒரு நாள் முழுக்கச் சிலர் பழைய வாசலில்தான் போய் நிற்பார்கள். மாறுவதற்கு இரண்டு நாள் முன்னால் 300 ஆக்கிவிட்டால் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

3. கேபிள்: நான்கு வாரம் முன்னால், சீலிங் மூடுவதற்குள்

செலவில் பெரிய பங்கு இங்கேதான். அதிலும் கேபிளின் விலை சின்னது, இழுக்கிற கூலிதான் பெரியது. அதனால் ஓர் இடத்துக்கு ஒன்று வேண்டுமென்றால் இரண்டாக இழுத்துவிடுங்கள். மேசைக்கு இரண்டு, பிரிண்டருக்கு ஒன்று, கேமராவுக்கு ஒவ்வொன்று, வைஃபை கருவி தொங்கும் இடத்துக்கு சீலிங்கில் ஒன்று. ஃபால்ஸ் சீலிங் மூடி பெயின்ட் அடித்த பிறகு "இங்கே ஒன்று விட்டுப்போச்சு" என்றால் முதல் முறை கொடுத்ததைவிட அதிகமாகக் கொடுக்க வேண்டிவரும்.

ரேக் வைக்கும் இடத்தை முதலில் தீர்மானியுங்கள். காற்றோட்டம் வேண்டும், பூட்ட முடிய வேண்டும், பக்கத்தில் தண்ணீர்க் குழாயோ ஏசியின் வடிகால் குழாயோ இருக்கக் கூடாது. அங்கிருந்து கடைசி மேசை வரை சுவருக்குள் போகும் கேபிள் 90 மீட்டரைத் தாண்டக் கூடாது. இரண்டு முனையிலும் செருகும் சின்ன கேபிள்களையும் சேர்த்து மொத்தம் 100 மீட்டர்தான் கணக்கு. சின்ன ஆபீஸில் அவ்வளவு தூரம் வராது என்று நினைப்பீர்கள், ஆனால் கேபிள் நேர்க்கோட்டில் போவதில்லை, ஏறி இறங்கிச் சுற்றித்தான் போகும்.

கேட்-6 வகை நெட்வொர்க் கேபிள் போதும். ஒரே ஒரு பொறி: விலை குறைவாக இருக்கிறதே என்று சிசிஏ கேபிளை வாங்கிவிடாதீர்கள். அது அலுமினியக் கம்பிக்கு மேலே செம்பு முலாம் பூசியது. மின்தடை அதிகம், எளிதில் ஒடியும், கேமராவுக்கு இதே கேபிள் வழியாக மின்சாரம் கொடுத்தால் சூடாகும். பெட்டியில் கேட்-6 என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள், சிசிஏ என்பது மூலையில் இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. ஒரு துண்டு வெட்டிக் கம்பியைக் கத்தியால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளி நிறம் தெரிந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள். விலைப்பட்டியலிலேயே "முழுச் செம்பு" என்று எழுதி வாங்கினால் பின்னால் வாக்குவாதம் இருக்காது.

வேலை நடக்கும்போது ஒருமுறையாவது போய் நில்லுங்கள். மின்சார ஒயரோடு சேர்த்து ஒரே குழாயில் விடுகிறார்களா, வளைவில் மடித்து நசுக்குகிறார்களா என்று பார்க்கலாம். மின்சார ஒயரைக் கடக்கத்தான் வேண்டுமென்றால் குறுக்காகக் கடக்கட்டும், கூடவே ஓட வேண்டாம். முனையில் சாக்கெட் பொருத்தும்போது ஜோடிக் கம்பிகளின் முறுக்கை நீளமாகப் பிரித்துவிடுவார்கள், வேலைக்குச் சுலபம் என்று. 13 மில்லிமீட்டருக்கு மேல் பிரிக்கக் கூடாது. வண்ண வரிசை இரண்டு வகை உண்டு, 568ஏ, 568பி. எதுவானாலும் சரி, ஒரு கேபிளின் இரண்டு முனையிலும் ஒன்றாக இருக்க வேண்டும். ஆபீஸ் முழுக்க ஒன்றே என்று சொல்லிவிடுங்கள்.

லேபிள். இதை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். எங்கள் புது ஆபீஸில் 36 கேபிள், எல்லாம் ஒரே சாம்பல் நிறம், சீலிங்கிலிருந்து கொத்தாகத் தொங்கின, ஒன்றிலும் எண் இல்லை. ஒருவர் ரேக்கில் டெஸ்டரோடு உட்கார, இன்னொருவர் மேசை மேசையாகப் போய்ச் செருகி "இப்ப?" "இல்ல" "இப்ப?" "இல்ல" என்று ஒரு மதியம் முழுக்கக் கத்திக்கொண்டிருந்தோம். இழுக்கும்போதே இரண்டு முனையிலும் ஒரே எண்ணை எழுதி ஒட்டச் சொல்லுங்கள், சுவர் சாக்கெட்டின் முகத்திலும் அதே எண். கடைசித் தவணையை, எல்லா கேபிளையும் உங்கள் கண் முன்னால் சோதித்துக் காட்டி, எண்கள் போட்ட வரைபடத்தைக் கையில் கொடுத்த பிறகுதான் தருவேன் என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

சோதனையிலும் ஒரு நுணுக்கம் உண்டு. விளக்கு எரிகிறது, இணையம் வருகிறது என்பதால் கேபிள் சரி என்று ஆகிவிடாது. எட்டுக் கம்பியில் நான்கே போதும், 100 மெகாபிட் வேகம் வந்துவிடும். ஜிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். எங்கள் கணக்கு மேசையில் நாஸிலிருந்து (எல்லோரும் பகிரும் கோப்புகள் இருக்கும் டிஸ்க் பெட்டி) கோப்பு திறக்க அவ்வளவு நேரம் எடுத்தது, எல்லோரும் கம்ப்யூட்டரைத் திட்டினார்கள். கடைசியில் பார்த்தால் பழுப்பு ஜோடி சாக்கெட்டுக்குள் சரியாக அமரவில்லை. கம்ப்யூட்டரில் இணைப்பின் வேகம் 1000 என்று காட்டுகிறதா, 100 என்றா என்று ஒவ்வொரு மேசையிலும் பார்த்துவிடுங்கள், ஒரு நிமிட வேலை.

4. பெட்டிகள்: இரண்டு வாரம் முன்னால்

ஸ்விட்ச்சில் போர்ட்டை எண்ணி வாங்குங்கள், எண்ணிக்கைக்கு மேல் கால் பங்கு கூடுதலாக. கேமராவுக்கும் வைஃபை கருவிக்கும் கேபிள் வழியாகவே மின்சாரம் கொடுப்பதானால் பிஓஇ ஸ்விட்ச் வேண்டும். எல்லா போர்ட்டிலும் மின்சாரம் வருமா, சிலதில் மட்டுமா, மொத்தம் எத்தனை வாட் தாங்கும் என்று பெட்டியில் பாருங்கள். ஒரு போர்ட்டுக்கு 15.4 வாட் தருவது ஒரு வகை, 30 வாட் தருவது இன்னொரு வகை. எத்தனை போர்ட்டோ அத்தனையாலும் பெருக்கினால் வரும் வாட்டை மொத்தமாகத் தர முடியாத ஸ்விட்ச்சுகள்தான் நிறைய.

வைஃபை கருவியை ரேக்கின் இரும்புப் பெட்டிக்குள் பூட்டி வைக்காதீர்கள். சிரிக்காதீர்கள், அழகாக இருக்கிறது என்று நாங்கள் வைத்தோம். சீலிங்கில் நடுவாக, திறந்த இடத்தில் மாட்டுங்கள். ஒன்றுக்கு மேல் இருந்தால் 2.4 கிகாஹெர்ட்ஸில் 1, 6, 11 சேனல்களைப் பிரித்துக் கொடுங்கள், அந்த மூன்றுதான் ஒன்றோடொன்று மோதாதவை.

யூபிஎஸ்ஸில் ஃபைபர் பெட்டி, ரவுட்டர், ஸ்விட்ச், நாஸ் நான்கும் போகட்டும். லேசர் பிரிண்டர் வேண்டாம், அது சூடேறும் நொடியில் இழுக்கிற மின்சாரத்துக்கு யூபிஎஸ் அலறிவிடும்.

இணையம் வந்த அன்றே ஒரு லேப்டாப்பை எடுத்துப்போய், காலி ஆபீஸில் தரையில் உட்கார்ந்தாவது சோதித்துவிடுங்கள். நிலையான ஐபிக்குப் பணம் கட்டியிருந்தால் ரவுட்டரின் வெளிப்பக்க முகவரியைப் பாருங்கள். 100.64 முதல் 100.127 வரை எதிலாவது தொடங்கினால், ஒரே பொது முகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பங்கு போட்டுக் கொடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். வெளியிலிருந்து விபிஎன் உள்ளே வராது. மாறும் நாளுக்கு முன்னால் கண்டுபிடித்தால் ஒரு போனில் முடியும்.

5. மாறும் நாள்

வெள்ளிக்கிழமை மாலை எல்லோரும் கிளம்பிய பிறகு தொடங்குங்கள். முதலில் பேக்கப், இரண்டு நகல், ஒன்று லாரியில் ஏறக் கூடாது, உங்கள் பையில் இருக்க வேண்டும். பேக்கப் எடுத்ததாக மென்பொருள் சொல்வதை நம்பாமல் நாலைந்து கோப்பைத் திறந்து பாருங்கள். வருடக்கணக்காக அணையாமல் ஓடிய ஹார்ட் டிஸ்க், அணைத்துவிட்டு எழுப்பினால் எழாமல் போகக்கூடும். நாஸ் டிஸ்க்குகளை வெளியே எடுத்தால் எது எந்த இடம் என்று 1, 2, 3 என எண் எழுதி ஒட்டிவிட்டு எடுங்கள்.

ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஒரு பை. அதன் மின் ஒயர், அடாப்டர், மவுஸ், எல்லாம் அதில். பையிலும் கம்ப்யூட்டரிலும் ஆளின் பெயர். அடாப்டர்கள் எல்லாம் ஒரே மாதிரித்தான் இருக்கும், வோல்ட் வேறாக இருக்கும். மாற்றிச் செருகி ஒரு ஸ்விட்ச்சைக் கொன்றவன் சொல்கிறேன்.

போய் இறங்கியதும் ஃபைபர் பெட்டி, ரவுட்டர், ஸ்விட்ச், நாஸ், பிரிண்டர், கடைசியாகக் கம்ப்யூட்டர் என்ற வரிசையில் இயக்குங்கள். முதலில் ஒரே ஒரு கம்ப்யூட்டர். அதில் இணையம், கோப்பு, பிரிண்ட் மூன்றும் வந்த பிறகு மற்றவை.

6. முதல் நாள் காலையில் வரும் புகார்கள்

"எனக்கு மட்டும் வரல." அவர் ஐபி முகவரியைப் பாருங்கள். 169.254 என்று தொடங்கினால் ரவுட்டரிடமிருந்து முகவரி வந்து சேரவில்லை, கேபிளையும் சாக்கெட்டையும் பாருங்கள். முகவரி வந்திருக்கிறது, ஆனால் உங்கள் வரிசையில் இல்லாத வேறு எண் என்றால், ஆபீஸில் இன்னொரு ரவுட்டர் முகவரி கொடுத்துக்கொண்டிருக்கிறது. போர்ட் பற்றவில்லை என்று யாராவது வீட்டுப் பழைய ரவுட்டரைக் கொண்டுவந்து மேசைக்கு அடியில் செருகியிருப்பார்கள். சொல்லமாட்டார்கள், குனிந்துதான் தேட வேண்டும்.

"எல்லோருக்கும் போச்சு." ஸ்விட்ச்சைப் போய்ப் பாருங்கள். எல்லா விளக்கும் ஒரே வேகத்தில் வெறிபிடித்த மாதிரி மின்னினால் எங்கோ வளையம் விழுந்திருக்கிறது. எங்கள் ஆபீஸில் சுத்தமாக இருக்க வேண்டும் என்று நினைத்த ஒருவர், தரையில் கிடந்த கேபிள் முனையை எடுத்துப் பக்கத்துச் சுவர் சாக்கெட்டில் செருகிவிட்டார். அதன் இன்னொரு முனை ஏற்கெனவே சுவரில்தான் இருந்தது. சாதாரண ஸ்விட்ச் இதைத் தாங்காது, ஒரே தகவல் சுற்றிச் சுற்றி வந்து மொத்தத்தையும் அடைத்துவிடும். கேபிளை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே வாருங்கள், எதை எடுத்ததும் அமைதியாகிறதோ அதுதான் ஆள்.

"எந்தத் தளத்தைத் திறந்தாலும் பாதுகாப்பு எச்சரிக்கை வருது." மூலையில் தேதியைப் பாருங்கள். பழைய கம்ப்யூட்டரில் உள்ளே இருக்கும் சின்ன பேட்டரி தீர்ந்திருந்தால், மின்சாரத்தைப் பிடுங்கியதும் கடிகாரம் பல வருடம் பின்னால் போய்விடும். தேதியைச் சரிசெய்தால் சரியாகிவிடும், அந்த வட்ட பேட்டரியை மாற்றினால் மறுபடி வராது.

7. பழைய இடத்தை முடிப்பது

புது இடத்தில் ஒரு வாரம் ஒழுங்காக ஓடிய பிறகுதான் பழைய இணைப்பை ரத்து செய்யுங்கள். போனில் சொன்னால் போதாது, எழுத்தில் கொடுத்து, ரத்தாகும் தேதியோடு பதில் வாங்குங்கள். சேவை நிறுவனத்தின் பெட்டி உங்களிடம் இருந்தால் சீரியல் எண்ணைப் படமெடுத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்து ரசீது வாங்குங்கள், வைப்புத்தொகை ஏதும் கட்டியிருந்தால் அதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். தூக்கிப்போடும் ரவுட்டர் என்றாலும் அமைப்புகளை அழித்துவிட்டே போடுங்கள், உங்கள் வைஃபை பாஸ்வேர்டு அதற்குள் இருக்கிறது, நீங்கள்தான் அதை மாற்றவில்லையே.

ரசீதைப் பத்திரமாக வையுங்கள். இரண்டு மாதம் கழித்து, பெட்டியைத் திருப்பித் தரவில்லை என்று எங்களுக்கு ஒரு பில் வந்தது. ரசீதையும் சீரியல் எண்ணையும் படமெடுத்து அனுப்பினேன், மறுநாள் ரத்து செய்துவிட்டார்கள்.